வெளிச்சம் கசியாத பெட்டி

பழைய கேமரா ஒன்றைக் கையில் கொடுத்தால் பெரும்பாலானவர்கள் முதலில் லென்ஸைத்தான் பார்ப்பார்கள். வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, கீறல் விழுந்திருக்கிறதா, பூஞ்சை படர்ந்திருக்கிறதா என்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஆராய்வார்கள். எங்கள் மாமா ஜன்னலைச் சாத்துவார். கதவுக்கடியில் பழைய சேலையைச் சுருட்டி வைத்து இடுக்கை அடைப்பார். டார்ச்சோடு கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, "லைட்டை அமத்து கண்ணு" என்பார். அதன்பிறகு கொஞ்ச நேரம் எதுவுமே செய்யமாட்டார். கண் இருட்டுக்குப் பழக வேண்டும். பழகாத கண்ணுக்கு ஊசித்துளை தெரியாது.

அவர் என் அத்தையின் கணவர். ஊட்டி இந்து நகரில் இருந்த இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். 1960-ல் ஏற்படுத்தப்பட்ட அரசு நிறுவனம் அது. 1967-ல் உற்பத்தி தொடங்கி, 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளை ஃபிலிமும் எக்ஸ்ரே ஃபிலிமும் போட்டோ அச்சிடும் காகிதமும் நாடு முழுக்கப் போயின. ஃபிலிம் மீது வெள்ளி உப்பு கலந்த ஜெலட்டினைப் பூசுவது, காயவைப்பது, வெட்டுவது, சுருட்டுவது எல்லாம் இருட்டில் நடக்கும் வேலைகள். அங்கே பல வருஷம் நின்று வேலை பார்த்த மாமாவுக்கு இருட்டும் தரம் பார்த்து வாங்கவேண்டிய ஒரு சரக்குதான். "நல்ல இருட்டு", "பொத்தல் இருட்டு" என்று பிரித்துச் சொல்வார். எங்கள் கோவை வீட்டு அறைகளில் ஒன்றைக்கூட அவர் நல்ல இருட்டு என்று ஒப்புக்கொண்டதில்லை.

அவரிடம் இருந்தது ஜெய்ஸ் ஐகான் நெட்டார். குன்னூர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து மேலாளர் சொந்த ஊர் திரும்பும்போது விற்ற சாமான்களோடு வாங்கியது. ஜெய்ஸ் ஐகான் 1926-ல் நான்கு ஜெர்மன் கேமரா நிறுவனங்கள் இணைந்து டிரெஸ்டன் நகரில் உருவானது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜெர்மனி இரண்டாகப் பிரிந்தபோது மேற்குப் பகுதியில் இருந்த ஸ்டுட்கார்ட்டில் கேமராக்கள் செய்தார்கள். மாமாவின் நெட்டார் அங்கே 1950களில் பிறந்தது. அதே நிறுவனத்தின் ஐகாண்டாவுக்குத் தங்கை என்று சொல்லலாம், விலை குறைந்த தங்கை. லென்ஸ் மூன்று கண்ணாடிகள் கொண்ட நோவார், 75 மில்லிமீட்டர், எஃப்/4.5. மூடியிருக்கும்போது கோட்டுப் பையில் போட்டுக்கொள்ளலாம். பட்டனை அழுத்தினால் முன்கதவு இறங்கும், இரண்டு பக்கமும் எஃகுக் கால்கள் நிமிர்ந்து நிற்க, தோல் மடிப்புகள் விரிய, லென்ஸ் வெளியே வந்து நிற்கும். அந்தத் தோல் மடிப்பைத்தான் கேமராக்காரர்கள் பெல்லோஸ் என்கிறார்கள். பேட்டரி கிடையாது. வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் கிடையாது. தூரத்தைக் காட்டும் கருவியும் கிடையாது. எல்லாம் எடுப்பவர் கண்ணிலும் மண்டையிலும் இருக்க வேண்டும்.

மாமா போன பிறகு அத்தை அதை என்னிடம் கொடுத்தார். "சும்மா பீரோவுல வெச்சு என்னத்தப் பண்றது. நீ எடுத்துட்டுப் போ கண்ணு. ஆனா எடுத்துட்டுப் போயி நீயும் பீரோவுல வெக்காத." அந்த இரண்டாவது வாக்கியத்தை நான் கட்டளையாகவே எடுத்துக்கொண்டேன். இப்போது காபிக் கடைகளில், ஓட்டல் வரவேற்பறைகளில், கல்யாண மண்டபத்து போட்டோ மூலைகளில் மடிப்புக் கேமராக்களை அலங்காரத்துக்கு வைத்திருக்கிறார்கள். பார்க்கும்போதெல்லாம் மனசு வலிக்கிறது. கண்ணாடி அலமாரியில் இருந்தால் பத்திரம் என்று நினைக்கிறார்கள். ஓடாத ஷட்டரில் எண்ணெய் இறுகும். விரியாத தோல் மடிப்பிலேயே காய்ந்து வெடிக்கும். தோல் உறைக்குள் ஈரம் தங்கி லென்ஸில் பூஞ்சை முளைக்கும். இந்தக் கேமராக்களைக் காப்பாற்றுவது பயன்பாடுதான். ஆனால் நம்பிப் பயன்படுத்த வேண்டுமானால் ஒவ்வொரு பாகத்தையும் உட்கார்ந்து சோதித்திருக்க வேண்டும். மாமாவிடம் நான் கற்றது இந்த இரண்டும்தான்.

சோதனை பெல்லோஸில் தொடங்குகிறது. லென்ஸ் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், பின்னால் இருக்கும் பெட்டியில் இருட்டு இல்லையென்றால் ஃபிலிம் புகையடித்துப் போகும். பின்கதவைத் திறந்து, சின்ன எல்இடி டார்ச் ஒன்றை பெல்லோஸுக்குள் விட்டு, ஷட்டரை மூடிய நிலையிலேயே வைத்து, இருட்டில் வெளிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும். மடிப்புகளின் மூலைகள்தான் முதலில் போகும். தோல் மூன்று திசையில் மடங்குகிற இடம் அது. ஒவ்வொரு தடவை திறந்து மூடும்போதும் அதே புள்ளியில் நலுங்கும். நட்சத்திரம் மாதிரி ஒரு புள்ளி மின்னினால் துளை இருக்கிறது. நேரே பார்த்தால் மட்டும் போதாது. பெல்லோஸை மெல்ல இப்படியும் அப்படியும் அசைத்து, கேமராவைச் சாய்த்து, கவிழ்த்துப் பார்க்க வேண்டும். சில துளைகள் ஒரு கோணத்தில் மட்டும் கண் திறக்கும். பெல்லோஸ் பெட்டியோடு ஒட்டியிருக்கும் பின்விளிம்பையும், லென்ஸ் பலகையோடு சேரும் முன்விளிம்பையும் சுற்றிலும் பார்க்க வேண்டும். பலர் மூலைகளைப் பார்த்துவிட்டு இதை விட்டுவிடுவார்கள்.

நெட்டாரின் பெல்லோஸ் திடமானது. நான் சோதித்தபோது மேல்பக்கத்து மூலை ஒன்றில் மட்டும் ஒரு புள்ளி தெரிந்தது. மாமா இருந்திருந்தால் சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டுகிற சொல்யூஷனை வாங்கி வரச் சொல்லியிருப்பார். மெல்லிய கறுப்புப் பட்டுத் துணியை நகத்தளவு வெட்டி, சொல்யூஷன் தடவி, உள்பக்கமாக ஒட்டுவது அவர் முறை. தடித்த துணி உதவாது. ஒட்டு தடித்தால் மடிப்பு சரியாக மடங்காது, கதவை மூடும்போது பக்கத்து மடிப்பைக் கிழிக்கும். நானும் அதையே செய்தேன். ஒட்டிவிட்டு கேமராவை விரித்த நிலையிலேயே ஒரு நாள் விட்டேன். பிறகு துளி முகப்பவுடரைத் தடவித் துடைத்தேன், மடிப்போடு மடிப்பு ஒட்டிக்கொள்ளாமல் இருக்க. மறுபடி இருட்டில் பார்த்தேன். நல்ல இருட்டு.

ஒன்றிரண்டு துளை என்றால் ஒட்டலாம். மூலைக்கு மூலை வானத்து நட்சத்திரம் போலத் தெரிந்தால் ஒட்டிப் பிரயோசனமில்லை. பெல்லோஸையே மாற்ற வேண்டும். அந்தத் தோல் முழுக்கச் செத்துவிட்டது, இன்று ஒட்டியதற்குப் பக்கத்தில் நாளை வெடிக்கும். இதில் தயவு தாட்சண்யம் பார்க்கக் கூடாது.

அடுத்து லென்ஸ். ஊட்டி ஈரம் கேமராக்காரர்களுக்குத் தெரியும். மழைக்காலத்தில் அலமாரியில் வைத்த செருப்பில்கூடப் பூஞ்சை பிடிக்கும் ஊர். ஷட்டரை 'பி' என்ற நிலையில் திறந்து பிடித்து, டார்ச்சைப் பின்னாலிருந்து சாய்வாக அடித்தால் உள்ளே இருப்பதெல்லாம் தெரியும். நேராக அடித்தால் பாதி மறைந்துவிடும். ஓரத்தில் நூல் மாதிரி ஓடிய ஒரு பூஞ்சை படத்தைப் பெரிதாகக் கெடுக்காது. முழுக் கண்ணாடியிலும் பனி மூடினாற்போன்ற மங்கல்தான் மோசம். அது கறுப்பைச் சாம்பலாக்கிவிடும். நோவாரில் இருந்தது பின்பக்கக் கண்ணாடியில் ஒரு மங்கல் மட்டும். அதைத் துடைத்தவுடன் தெளிந்தது. முன்கண்ணாடியைக் கழற்றுவதாக இருந்தால், தொலைதூர நிலையில் அது எங்கே நிற்கிறது என்று கீறல் அடையாளம் வைக்காமல் திருகத் தொடங்கவே கூடாது. ஏனென்றால் இந்தக் கேமராவில் ஃபோகஸ் செய்வதே அந்த முன்கண்ணாடி திருகில் முன்னும் பின்னும் நகர்வதால்தான். திரும்ப மாட்டும்போது ஒரு பல் தவறினால் தூர வளையத்தில் எழுதியிருக்கும் எண்கள் எல்லாம் பொய்யாகிவிடும்.

ஷட்டர் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஜெர்மனியின் கருங்காட்டில் கால்ம்பாக் என்ற சிற்றூரில் ஆல்ஃப்ரெட் கௌத்தியர் நிறுவனம் செய்த புரோண்டார் ஷட்டர். ஒரு நொடி முதல் 1/300 நொடி வரை வேகங்கள். மேலே உள்ள சின்ன நெம்பை இழுத்து ஸ்பிரிங்கை ஏற்றிவிட்டு அழுத்த வேண்டும். வேகமான அளவுகளில் ஸ்பிரிங் நேரே இதழ்களைத் திறந்து மூடுகிறது. மெதுவான அளவுகளில் பல்சக்கரங்கள் சில குறுக்கே வந்து அதைத் தாமதப்படுத்துகின்றன. அந்தச் சக்கரங்களில் இருக்கும் பழைய எண்ணெய் காய்ந்தால் ஒரு நொடி என்பது பாதியில் நின்றுபோகும். ஒரு நொடியில் வைத்து, காதருகே பிடித்து அடித்துப் பார்க்க வேண்டும். தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே சீராக "விர்ர்" என்று ஓடினால் நல்லது. நடுவில் தயங்கினாலோ, முடிவில் இழுத்தாலோ சுத்தம் செய்யவேண்டிய நேரம் வந்துவிட்டது. ஃபிலிம் இல்லாதபோது மேல்பட்டன் பூட்டிக்கொள்ளலாம். ஒரே இடத்தில் இரண்டு படம் விழாமல் இருக்க அப்படி ஒரு பூட்டு வைத்திருக்கிறார்கள். லென்ஸ் பக்கத்திலேயே இருக்கும் நெம்பைத் தள்ளினால் ஷட்டர் அடிக்கும்.

மாமா ஒரு விஷயம் சொல்வார், நான் வெகுகாலம் நம்பவில்லை. "இது ஊட்டியில நொண்டும். மேட்டுப்பாளையம் போனா ஓடும்" என்பார். உண்மைதான். குளிரில் பழைய எண்ணெய் கெட்டியாகிறது. மலையில் ஒரு நொடி பாதியில் நின்றது. கீழே இறங்கி, மேட்டுப்பாளையம் ஸ்டேஷன் வெயிலில் அதே ஒரு நொடி கடைசிவரை ஓடியது. ஆகவே பழைய கேமரா வாங்குபவர்கள் குளிர்சாதன அறையில் ஒரு தரமும், வெயிலில் ஒரு தரமும் அடித்துப் பார்ப்பது நல்லது.

இதழ்களில் எண்ணெய்ப் பளபளப்பு தெரிந்தால் துடைக்க வேண்டும். லைட்டருக்கு ஊற்றும் திரவத்தைப் பஞ்சில் ஒரு சொட்டு, அவ்வளவுதான். எண்ணெய் விடவே கூடாது. ஷட்டர் இதழ்கள் உலர்ந்து ஓடவேண்டியவை, அங்கே எண்ணெய் பசையாகிவிடும். மெதுவான வேகங்களுக்கு என்னால் முடிந்தது போதாது என்று தெரிந்ததும் கோவையில் கேமரா பழுதுபார்க்கும் பெரியவர் ஒருவரிடம் கொடுத்தேன். பிரித்து, கழுவி, தேவையான அச்சுகளில் மட்டும் ஊசிமுனை எண்ணெய் வைத்துத் தந்தார். கொடுக்கும்போது "அந்த 'வி' நெம்பைத் தொட்டுறாதீங்க" என்றார். தானாக எடுத்துக்கொள்ளும் டைமர் அது. வயதான ஷட்டர்களில் அது பாதியில் சிக்கினால் மொத்த ஷட்டரையும் பூட்டிவிடும். நான் அதைத் தொடுவதில்லை.

வேகம் சரியா என்று அறிய இப்போது ஒரு வசதி வந்திருக்கிறது. நொடிக்கு 240 சட்டம் எடுக்கும் செல்போன் வீடியோ. கேமராவின் பின்கதவைத் திறந்து, ஜன்னல் வெளிச்சத்தை நோக்கி வைத்து, இதழ்கள் திறந்து மூடுவதைப் படமெடுத்து, எத்தனை சட்டங்களில் வெளிச்சம் தெரிகிறது என்று எண்ணலாம். 1/25-ல் ஒன்பது பத்து சட்டம் வந்தால் சரி. 1/100-க்கு மேல் செல்போனுக்கு அந்தத் திறமை இல்லை, அதன் கணக்கை நம்பக் கூடாது. பெரியவர் தன் கருவியில் அளந்து, 1/300 என்று எழுதியிருப்பது 1/200-க்குப் பக்கம்தான் ஓடுகிறது என்றார். அதில் கவலைப்பட ஒன்றுமில்லை. நெகட்டிவ் ஃபிலிம் அரைப்படி கூடுதல் வெளிச்சத்தைச் சிரமமில்லாமல் தாங்கும். வேறு எங்கும் எழுதாமல், ஒரு சின்னக் காகிதத்தில் உண்மையான வேகங்களை எழுதிக் கேமரா உறைக்குள்ளேயே வைத்தேன்.

கால்கள் நிமிர்ந்து நிற்கின்றனவா என்பதை விரலால் அறியலாம். திறந்த பிறகு லென்ஸ் பலகையை மெல்ல அசைத்தால் ஆடக் கூடாது. ஆடினால் படத்தின் ஒரு பக்கம் தெளிந்து இன்னொரு பக்கம் மங்கும். நெட்டாரில் அந்தக் குறை இல்லை.

ஃபோகஸ் சோதனைக்கு அத்தை வீட்டு மொட்டைமாடிக்குப் போனேன். பின்கதவைத் திறந்து, ஃபிலிம் கிடக்கும் இடத்தில் தேய்த்த கண்ணாடித் துண்டு ஒன்றை வைக்க வேண்டும். கண்ணாடி இல்லாவிட்டால் டிரேசிங் பேப்பரை இழுத்து ஒட்டலாம், ஆனால் தொய்வில்லாமல். எங்கே வைப்பது என்பதுதான் முக்கியம். சட்டத்தின் இரண்டு பக்கமும் இரண்டு ஜோடித் தண்டவாளங்கள் இருக்கும். வெளித் தண்டவாளத்தில் அழுத்துத் தட்டு உட்காரும், உள் தண்டவாளத்தில் ஃபிலிம் ஓடும். தேய்த்த பக்கம் லென்ஸைப் பார்த்தபடி, கண்ணாடி உள் தண்டவாளத்தில் படிய வேண்டும். வெளித் தண்டவாளத்தில் வைத்தால் அளவே தப்பு. கேபிள் ரிலீஸை மாட்டி, 'பி'-யில் ஷட்டரைத் திறந்து பூட்டி, எஃப்/4.5-ல் முழுக்கத் திறந்து, தூர வளையத்தை முடிவிலிக்குத் திருப்பி, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். தொட்டபெட்டா தலைகீழாக விழுந்தது. 2,637 மீட்டர் உயரத்துச் சிகரமும் அதன் மரக்கோடும் கூர்மையாக இருந்தன. வளையத்தை இரண்டு பக்கமும் கொஞ்சம் நகர்த்தி, முடிவிலிக் குறியில் நிற்கும்போதுதான் மிகத் தெளிவாக இருக்கிறது என்று உறுதி செய்துகொண்டேன். பிறகு அத்தையை இரண்டு மீட்டரில் நிறுத்தி மறுபடி பார்த்தேன். மூக்குத்தியின் கல் தெரிந்தது.

"என்ன கண்ணு, போட்டோ எடுத்துட்டியா?" என்றார்.

"இல்லைங்க அத்தை, இன்னும் ஃபிலிமே போடலை."

"உங்க மாமா மாதிரியே." அதைச் சொன்ன குரலில் சலிப்பும் இருந்தது, வேறொன்றும் இருந்தது.

ஃபிலிம் 120 ரோல். 1901-ல் கோடாக் தன் பிரவுனி கேமரா ஒன்றுக்காகக் கொண்டுவந்த அளவு அது. இன்றைக்கும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். மடிப்புக் கேமரா வாங்குபவர்கள் முதலில் பார்க்கவேண்டியதும் இதுதான். எந்த ரோல் அளவுக்குச் செய்யப்பட்ட கேமரா என்பதை உறுதி செய்துகொள்ளாமல் காசு கொடுக்கக் கூடாது. 620 என்று இன்னொரு அளவு உண்டு. ஃபிலிம் ஒன்றேதான், சுருள் கட்டை மட்டும் மெலிது. அதை யாரும் இப்போது செய்வதில்லை. அந்தக் கேமராக்காரர்கள் 120 ஃபிலிமை இருட்டில் பழைய கட்டைக்கு மாற்றிச் சுற்ற வேண்டும்.

நெட்டாரின் முதுகில் ஒரு சிவப்பு ஜன்னல் இருக்கிறது. ஃபிலிமின் பின்னால் ஒட்டிய காகிதத்தில் அச்சிட்ட எண் அதில் தெரியும்வரை சுற்ற வேண்டும், அதுதான் கணக்கு. ஆறுக்கு ஆறு சென்டிமீட்டர் சதுரத்தில் பன்னிரண்டு படம். சிவப்பு ஏன் என்றால், அந்தக் காலத்து ஃபிலிம் சிவப்பு வெளிச்சத்தை உணராது. பிற்பாடு வந்த பான்குரோமாட்டிக் ஃபிலிம் எல்லா நிறத்தையும் உணரும், சிவப்பையும். ஆகவே ஜன்னலுக்கு மூடி உள்ள கேமராவில் சுற்றும் நேரம் தவிர மூடியே வைக்க வேண்டும், வெயிலில் சுற்றக் கூடாது. மாமா எப்போதும் உடம்பால் நிழல் போட்டுக்கொண்டு சுற்றுவார். குடை இருந்தால் குடைக்கடியில்.

அத்தை பீரோவிலிருந்து ஒரு 'இந்து' ரோலை எடுத்து வந்தார். உறை பிரிக்காதது. காலக்கெடு எப்போதோ முடிந்திருந்தது. தொழிற்சாலையும் மூடிவிட்டது. "இதையே போட்டு எடுத்துப் பாரேன். மாமா வெச்சிருந்தது" என்றார். எனக்கும் ஆசைதான். ஆனாலும் போடவில்லை. கேமராவைச் சோதிக்கும் ரோல் புதியதாக இருக்க வேண்டும். பழைய ஃபிலிம் தானாகவே புகையடித்திருக்கும், வேகம் இழந்திருக்கும். படத்தில் ஒரு கறை விழுந்தால் அது பெல்லோஸின் துளையா, ஃபிலிமின் வயதா என்று யாராலும் சொல்ல முடியாது. கோவையிலிருந்து கொண்டுபோன புது இல்ஃபோர்ட் எஃப்பி4 பிளஸ் ரோலைத்தான் போட்டேன்.

பயன்படுத்தும்போது முதல் விதி, முன்கதவை மெதுவாகத் திறப்பது. பட்டனை அழுத்தினால் ஸ்பிரிங் கதவைத் தள்ளும். கையால் தாங்கி மெல்ல இறக்க வேண்டும். சட்டென்று விட்டால் பெல்லோஸ் விரியும் வேகத்தில் உள்ளே காற்று உறிஞ்சப்பட்டு ஃபிலிமை முன்னால் இழுக்கும். தட்டையாகக் கிடக்கவேண்டிய ஃபிலிம் வயிறு தள்ளி நின்றால் ஃபோகஸ் எவ்வளவு சரியாக வைத்தாலும் படம் மங்கும். ஆகவே திறந்த பிறகே அடுத்த எண்ணுக்குச் சுற்ற வேண்டும், திறப்பதற்கு முன்னால் அல்ல. சுற்றும்போது ஃபிலிம் மறுபடி இறுகித் தட்டையாகிவிடும். படம் எடுத்தவுடன் சுற்றி வைக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு இது சிரமம்.

வெளிச்சத்துக்கு மீட்டர் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். வைத்திருப்பவர்கள் பயன்படுத்தட்டும். ஆனால் நல்ல வெயிலில் எஃப்/16 வைத்து, ஷட்டர் வேகத்தை ஃபிலிமின் ஐஎஸ்ஓ எண்ணுக்கு அருகில் வைத்தால் பெரும்பாலும் தப்பாது. 125 ஐஎஸ்ஓ ஃபிலிமுக்கு 1/100, எஃப்/16. லேசான மேகத்துக்கு எஃப்/11, மேகம் கனத்தால் எஃப்/8, வெட்டவெளி நிழலில் எஃப்/5.6. ஊட்டி மூடுபனி ஏமாற்றும். கண்ணுக்கு மங்கலாகத் தெரிந்தாலும் சுற்றிலும் வெள்ளையாகப் பரவிய வெளிச்சம் அது.

தூரம்தான் பழகவேண்டிய கலை. மாமாவிடம் மீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்ட சணல் கயிறு இருந்தது. ஒரு நுனியைத் தன் மூக்கருகில் பிடித்துக்கொண்டு மறுநுனியை எதிரில் உட்காருபவரிடம் கொடுப்பார். எட்டத்தில் நிற்பவர்களுக்கு அவருக்கு இன்னொரு கணக்கு இருந்தது. பார்க்கும் ஜன்னலில் ஆள் தலை முதல் கால் வரை சட்டத்தின் பாதி உயரத்துக்கு இருந்தால் ஏறக்குறைய நாலரை மீட்டர். சட்டம் முழுக்க நிறைந்தால் இரண்டே கால் மீட்டர். 75 மில்லிமீட்டர் லென்ஸுக்கும் ஆறுக்கு ஆறு சதுரத்துக்கும் இது சரியாகவே வருகிறது, நான் டேப் வைத்து அளந்து பார்த்திருக்கிறேன். வெயில் இருந்தால் இவ்வளவும் தேவையில்லை. எஃப்/16-ல் ஏழு மீட்டரில் வைத்தால் மூன்றரை மீட்டரிலிருந்து அடிவானம் வரை தெளிவாக விழும். நெட்டாரைச் செய்தவர்கள் அவசரப் படங்களுக்காகத் தூர வளையத்தில் ஒரு சிவப்புப் புள்ளியும் அபெர்ச்சரில் ஒரு சிவப்புப் புள்ளியும் வைத்திருக்கிறார்கள். இரண்டையும் சேர்த்து வைத்துவிட்டால் பக்கத்தில் வருவதைத் தவிர மற்ற எல்லாம் அடங்கிவிடும். அந்தப் புள்ளிகளை வைத்தவர் மேல் எனக்குப் பெரிய மரியாதை.

முதல் ரோலில் நான் எடுத்தவை: குன்னூர் ஸ்டேஷனில் மலை ரயில், அது நீராவி விட்டுக்கொண்டு நின்ற நேரம். வெயில், எஃப்/11. ஒரு யூகலிப்டஸ் வரிசை. இந்து நகர் பேருந்து நிறுத்தம். செங்கல் சுவர் ஒன்று, எஃப்/4.5-ல் ஒன்றும் எஃப்/11-ல் ஒன்றும், லென்ஸின் ஓரங்களைச் சோதிக்க. திறந்த கேமராவை வெயிலில் சில நிமிடம் வேண்டுமென்றே காட்டிவிட்டு எடுத்த ஒரு படம், பெல்லோஸின் ஒட்டைச் சோதிக்க. சமையலறை வாசலில் அத்தை, இரண்டு மீட்டர், எஃப்/5.6. அந்த அபெர்ச்சரில் முன்னும் பின்னும் ஒரு சாண்தான் தெளிவு கிடைக்கும். கயிற்றை அவரே பிடித்துக்கொண்டார். முடிச்சு எங்கே வரவேண்டும் என்று எனக்குச் சொன்னதும் அவர்தான். எத்தனை தடவை அந்த நுனியைப் பிடித்திருப்பாரோ.

ஃபிலிமை கோவையில் குளியலறையில் கழுவினேன். டி-76 டெவலப்பர் 20 டிகிரியில் இருக்கவேண்டும். ஊட்டியில் என்றால் தண்ணீரைச் சற்றுச் சூடாக்க வேண்டும், எங்கள் ஊரில் ஐஸ் போட வேண்டும்.

ஈரம் சொட்டும் ஃபிலிமைக் கொடியில் மாட்டி வெளிச்சத்தில் பார்ப்பது படங்களைப் பார்ப்பதற்காக அல்ல, அது பிறகு. முதலில் கறைகளைத் தேட வேண்டும். ஒவ்வொரு சட்டத்திலும் ஒரே இடத்தில் கருமை விழுந்திருந்தால் பெல்லோஸில் துளை. வெயிலில் அதிக நேரம் திறந்திருந்த சட்டத்தில் அது கூடுதலாக இருக்கும். ஃபிலிமின் ஓரம் வழியாகச் சட்டத்துக்கு வெளியேயும் கருமை பரவியிருந்தால் பின்கதவின் இடுக்கு. எண்கள் ஓடும் பாதையில் மங்கலான வட்டங்கள் வந்தால் சிவப்பு ஜன்னல். நீளவாக்கில் கோடு விழுந்தால் உருளையில் தூசியோ துருவோ. வேண்டுமென்றே வெயிலில் காட்டிய சட்டம் மற்றவற்றைப் போலவே சுத்தமாக இருந்தது. ஒட்டு பிடித்திருந்தது. செங்கல் சுவரில் எஃப்/4.5-ல் மூலைகள் மென்மையாக இருந்தன, எஃப்/11-ல் செங்கல் ஓரங்கள் வரை எண்ணலாம். மூன்று கண்ணாடி லென்ஸிடம் அதற்கு மேல் கேட்பது நியாயமில்லை. முகங்களுக்கு அந்த மென்மை எனக்குப் பிடிக்கவும் செய்கிறது.

அத்தையின் படத்தில் மூக்குத்தி, நெற்றிச் சுருக்கம், பின்னால் சுவரில் மாட்டியிருந்த அரிவாள்மணை நிழல் எல்லாம் இருந்தன. பெரிதாக அச்சிட்டு எடுத்துப் போனபோது வெகுநேரம் பார்த்துவிட்டு, பிள்ளைகளுக்கு ஆளுக்கொன்று வேண்டும் என்று கணக்குச் சொன்னார்.

இப்போது கேமராவில் சந்தேகம் எதுவும் இல்லை. இனி வரும் கறை எதுவானாலும் ஃபிலிமுடையதுதான். ஆகவே அந்த 'இந்து' ரோலைப் போடப்போகிறேன். வேகம் குறைந்திருக்கும் என்பதால் உறையில் போட்டிருப்பதைவிட இரண்டு படி கூடுதல் வெளிச்சம் கொடுக்க வேண்டும். புகையைக் கொஞ்சம் அடக்க டெவலப்பரைக் குளிர்ச்சியாக வைத்துக்கொள்ளலாம். பன்னிரண்டில் நான்கு தேறினாலும் சந்தோஷம். இந்து நகரில் மாமா இருந்த குவார்ட்டர்ஸ், அவர் நடந்து போன சாலை, தொழிற்சாலை வாசல், இவற்றையெல்லாம் அங்கேயே செய்த ஃபிலிமில் எடுக்க வேண்டும் என்று நினைத்திருக்கிறேன். காலை பத்து மணி வெயிலில் போகலாம் என்று அத்தையிடம் சொன்னேன். "கயித்த நான் எடுத்துட்டு வரேன்" என்றார்.